விடியும் முன்பே எழுந்துவிடும் பிள்ளை: காரணத்தை எங்கே தேடுவது?

மணி இன்னும் 5 ஆகவில்லை. மூன்று வயதுப் பிள்ளை பாயில் எழுந்து உட்கார்ந்துகொண்டு, "அம்மா, விடிஞ்சிடுச்சா?" என்கிறது. இல்லை என்றால் அழுகை. ஆமாம் என்றால் அன்றைய பொழுது அப்போதே தொடங்கிவிடும். கால் மணி நேரத்தில் அம்மாவின் செல்போன் பிள்ளையின் கைக்குப் போயிருக்கும். பதினொரு மணிக்கு அங்கன்வாடியில் சிணுங்கல்.

இதற்கு வழி தேடி இணையத்தில் நுழைந்தால் கிடைப்பதெல்லாம் வேறு ஊர் வீடுகளுக்கான யோசனைகள். தனி அறை, தடுப்பு வைத்த கட்டில், ஜன்னலுக்குக் கறுப்புத் திரை, இரவு 7 மணிக்கே உறக்கம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் ஒரே கூடத்தில் நான்கு பேர் வரிசையாகப் பாய் போட்டுப் படுக்கிறார்கள். அப்பா வேலை முடிந்து வரவே 8 மணி ஆகிவிடும். அந்த யோசனைகளை இங்கே கொண்டுவந்து பொருத்தப் பார்ப்பதைவிட, குழந்தையின் தூக்கம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு நம் வீட்டுக்கு ஆகிற வழியைப் பார்ப்பதே நடக்கிற காரியம்.

முதலில் கணக்கு

சீக்கிரம் எழுந்தாலே குறை என்று நினைக்க வேண்டாம். சிறு பிள்ளைகள் இயல்பிலேயே கோழியோடு எழுகிற ரகம். அதே பிள்ளையைப் பதினாறு வயதில் எழுப்ப முகத்தில் தண்ணீர் தெளிக்க வேண்டியிருக்கும். குறை இருக்கிறதா என்று பார்க்க, எழும் நேரத்தை விட்டுவிட்டு மொத்தத் தூக்கத்தைக் கூட்டுங்கள்.

அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமி 2016-இல் தந்த அளவு இது. பகல் தூக்கமும் சேர்த்து, ஒரு நாளைக்கு:

1. 4 மாதம் முதல் ஒரு வயது வரை: 12 முதல் 16 மணி நேரம்
2. 1 முதல் 2 வயது: 11 முதல் 14 மணி நேரம்
3. 3 முதல் 5 வயது: 10 முதல் 13 மணி நேரம்

இரவு 8 மணிக்குத் தூங்கி 5 மணிக்கு எழும் மூன்று வயதுப் பிள்ளை இரவில் 9 மணி நேரம் தூங்கிவிட்டது. மதியம் 2 மணி நேரம் தூங்கினால் மொத்தம் 11. இந்தப் பிள்ளைக்குத் தூக்கத்தில் ஒரு குறையும் இல்லை; குறைவது அம்மாவின் தூக்கம். இங்கே செய்ய வேண்டியது தூக்கத்தின் நேரத்தை நகர்த்துவது மட்டுமே. இன்னொரு பிள்ளை சீரியல் முடிந்து 10 மணிக்குத் தூங்கி 4.45-க்கு எழுகிறது, பகலில் ஒரு மணி நேரம் தூங்குகிறது. கூட்டினால் 7 மணி 45 நிமிடம். இது உண்மையான பற்றாக்குறை. இரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தை ஒட்டித்தான் எழுகிறார்கள், ஆனால் வைத்தியம் வேறு வேறு.

எனவே ஒரு வாரம் குறித்து வையுங்கள். தினசரிக் காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்புறம் போதும். தூங்கிய நேரம், எழுந்த நேரம், பகல் தூக்கம், பிள்ளை எழுந்தபோது வீட்டில் யார் விழித்திருந்தார்கள் என்று நான்கு வரி. பலரும் முதல் மூன்றை எழுதுகிறார்கள். விஷயம் பெரும்பாலும் நான்காவதில் இருக்கிறது.

விடியற்காலைத் தூக்கம் ஏன் நூலிழையாகிறது

தூக்கத்தைப் பிடித்து வைத்திருப்பவை மூன்று.

1. தூக்கச் சுமை. விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்னும் வேதிப்பொருள் சேரும். அது சேரச் சேரக் கண்ணைச் சொக்கும். தூங்கத் தூங்க அது கரையும். 8 மணிக்குப் படுத்த பிள்ளைக்கு 4.30 மணிக்கு அந்தச் சுமை ஏறக்குறைய இறங்கியிருக்கும்.

2. உடல் கடிகாரம். இரு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையில் ஒரு சிறு நரம்புக் கூட்டம் இருக்கிறது. பகல், இரவை உடம்புக்குச் சொல்வது அதுதான். இரவில், உடம்பைத் தூக்கத்துக்குத் தயார்ப்படுத்தும் மெலடோனினைச் சுரக்கவைக்கும். விடியலை நெருங்கும்போது அதைக் குறைத்து, உடம்பை எழுப்பும் கார்ட்டிசாலை ஏற்றும். செல்லுக்குள் இந்தக் கடிகாரம் ஓடும் விதத்தைக் கண்டுபிடித்ததற்குத்தான் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

3. தூக்கச் சுற்று. பெரியவர்களின் தூக்கம் சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று ஓடும். சிறு பிள்ளைகளுக்குச் சுமார் ஒரு மணி நேரம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு சின்ன விழிப்பு வந்து போகும். ஆழ்ந்த தூக்கத்தின் பெரும்பகுதி இரவின் முற்பாதியிலேயே முடிந்துவிடும். பிற்பாதியில் கனவுத் தூக்கமும் லேசான தூக்கமுமே மிச்சம்.

சுமை இறங்கி, கடிகாரம் எழுப்பத் தயாராகி, தூக்கமும் மேலோட்டமாகி நிற்கும் நேரம் 4 மணிக்கும் 5 மணிக்கும் இடையில். இரவு 11 மணிக்குத் தெருவில் சரவெடி போட்டாலும் புரண்டு படுக்கும் பிள்ளை, இந்த நேரத்தில் அம்மாவின் வளையல் சத்தத்துக்கே எழுந்துவிடும்.

வெளிச்சமா, சத்தமா?

வெளிநாட்டு யோசனைகள் வெளிச்சத்தின் மேல் பழி போடுவதில் நியாயம் உண்டு. லண்டனில் ஜூன் மாதம் 4.45-க்கு முன்பே சூரியன் வந்துவிடும். தர்மபுரியில் நிலைமை வேறு. இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. தர்மபுரி இருப்பது சுமார் 78.2 பாகையில். ஒரு பாகைக்கு 4 நிமிடம் வீதம், நம் கடிகாரத்தைவிடச் சூரியன் இங்கே சுமார் 17 நிமிடம் பின்தங்கி வருகிறது. ஆண்டிலேயே சீக்கிரமாக விடிவது மே கடைசி, ஜூன் தொடக்கத்தில், சுமார் 5.50-க்கு. ஜனவரி கடைசியில் 6.45-ஐ நெருங்கிவிடும். சூரிய உதயத்துக்கு 20 நிமிடம் முன்பு வெளுக்கும் என்று வைத்தாலும், 4.30 மணி எந்த மாதத்திலும் கும்மிருட்டு. அந்த நேரத்தில் எழும் பிள்ளைக்காகக் கறுப்புத் திரை வாங்குவது வீண் செலவு. கோடையில் 5.30-க்கு எழுகிற பிள்ளைக்கு வேண்டுமானால் உதவும்.

சத்தம்தான் இந்த இரண்டு மாவட்டங்களின் தனிக்கதை. குண்டுமல்லி மொட்டாக இருக்கும்போதே பறித்தாக வேண்டும். அதனால் பூந்தோட்டம் வைத்திருக்கும் வீடுகளில் தலையில் டார்ச் கட்டிக்கொண்டு இருட்டிலேயே கிளம்புவார்கள். மாடு வைத்திருக்கும் வீட்டில், பால் சொசைட்டிக்கு ஊற்றும் நேரத்துக்குள் கறந்து முடிக்க 5 மணிக்கே பால் கேன் உருளும். ஓசூரில் 6 மணி ஷிப்டுக்குக் கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் போகிறவர் 4 மணிக்கே எழுந்தாக வேண்டும். கம்பெனி பஸ் அவருக்காகக் காத்திருக்காது. மார்கழி வந்தால் கோயில் ஒலிபெருக்கி. இவற்றோடு சேவலும்.

இப்படிப்பட்ட வீடுகளில் சீக்கிரம் எழுவது பிள்ளை என்று சொல்வது சரியில்லை. வீடு எழுகிறது, பிள்ளை கூடவே எழுகிறது. அதிலும் அம்மாவை ஒட்டிப் படுக்கும் பிள்ளைக்குச் சத்தம்கூட வேண்டியதில்லை. பக்கத்தில் இருந்த உடம்புச் சூடு போனதும் அடுத்த சின்ன விழிப்பில் கை துழாவும், வெறும் பாய் தட்டுப்படும், எழுந்து உட்காரும்.

இதைச் சோதித்துப் பார்க்க ஓசூர் ஷிப்டுக்காரர்கள் வீட்டில் ஆயத்தமாக ஒரு வசதி இருக்கிறது. ஷிப்டு வாரா வாரம் மாறும் வேலை என்றால், காலை ஷிப்டு வாரத்தில் பிள்ளை எழும் நேரத்தையும் மதிய ஷிப்டு வாரத்தில் எழும் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் வாரம் 4.20, அடுத்த வாரம் 5.50 என்றால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. பிள்ளையிடம் திருத்த ஒன்றுமில்லை. அப்பாவின் உடுப்பு, டிபன் பாக்ஸ், வண்டிச் சாவி மூன்றையும் முதல் நாள் இரவே வெளித்திண்ணைப் பக்கம் எடுத்து வைப்பதும், அலாரத்தைத் தலையணைக்கடியில் அதிர்வுக்கு மாற்றுவதும், கூடத்து டியூப்லைட்டைத் தொடாமல் சமையற்கட்டு விளக்கை மட்டும் போடுவதும்தான் வைத்தியம். வீட்டில் ஆயா (பாட்டி) இருந்தால், அம்மா எழுவதற்கு முன்பே ஆயா வந்து பிள்ளையின் பக்கத்தில் படுத்துக்கொள்ளட்டும். அம்மா எழுந்த பிறகு வந்தால் பயனில்லை, அதற்குள் கை துழாவிவிடும்.

குளிரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மேட்டு நிலம். ஓசூரே கடல்மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே. உடம்புச் சூடு மிகவும் குறையும் நேரமும் விடியற்காலைதான். மார்கழி, தை மாதங்களில் போர்வையை உதைத்துத் தள்ளிய பிள்ளை, டைல்ஸ் தரைக் குளிரில் எழுந்துவிடும். பாய்க்கு அடியில் ஒரு ஜமுக்காளம், காலுக்குச் சாக்ஸ். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

பழக்கம் வேர் பிடிப்பது

முதல் நாள் ஒரு சத்தத்துக்கு எழுந்த பிள்ளை, சத்தமே இல்லாத நாளிலும் அதே நேரத்துக்கு எழுவது எப்படி? இரண்டு வழியாக.

முதலாவது, 4.30-க்கு விளக்கைப் போட்டுப் பாலும் பிஸ்கட்டும் கொடுத்தால் உடல் கடிகாரம் அதையே காலை என்று குறித்துக்கொள்ளும். வெளிச்சமும் சாப்பாடும் கடிகாரத்தைத் திருகும் இரண்டு கைகள்.

இரண்டாவது, பரிசு. எழுந்தால் செல்போன் கிடைக்கும் என்றால் பிள்ளை எழாமல் என்ன செய்யும்? தினமும் கொடுப்பதைவிட மோசம், இரண்டு நாள் மறுத்து மூன்றாம் நாள் கொடுப்பது. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்காகத்தான் மனிதர்கள் லாட்டரிச் சீட்டைத் திரும்பத் திரும்ப வாங்குகிறார்கள். பிள்ளையும் அப்படியே தினமும் முயன்று பார்க்கும். இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், 2 முதல் 5 வயதுக்குள் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை. விடியற்காலைச் செல்போன் அந்தக் கணக்கை 6 மணிக்குள்ளேயே தீர்த்துவிடும்.

ஏணையில் (துணித் தொட்டிலில்) ஆட்டினால்தான், அல்லது பால் குடித்தபடியேதான் தூங்குவேன் என்று பழகிய பிள்ளை, விடியற்காலை விழிப்பிலும் அதையே கேட்கும். ஏணை கெடுதல் என்று சொல்ல வரவில்லை. கண் சொக்கும் கட்டத்தில் இறக்கிப் பாயில் போட்டுவிட்டால், மீதித் தூரத்தைப் பிள்ளை தானே கடக்கப் பழகும்.

உடம்பில் கோளாறு இருக்கிறதா

பயிற்சி எதையும் தொடங்குவதற்கு முன் இவற்றை ஒதுக்கிவிட வேண்டும்.

1. கீரிப்பூச்சி. பெண் புழு இரவில் ஆசனவாயருகே வந்து முட்டையிடும். அரிப்பில் பிள்ளை நெளியும். ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், குடற்புழு நீக்க நாளில் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அல்பெண்டசோல் மாத்திரை தருகிறார்கள். 1 முதல் 2 வயதுக்குப் பாதி மாத்திரை, அதற்கு மேல் முழு மாத்திரை. அன்று பிள்ளை வரவில்லை என்றால் கேட்டு வாங்க வேண்டியது பெற்றோர்.

2. இரும்புச்சத்துக் குறைவு. தூக்கத்தில் காலை ஓயாமல் உதறும் பிள்ளைக்கு இது காரணமாக இருக்கலாம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயது வரையிலான பிள்ளைகளில் 100-க்கு 57 பேருக்கு இரத்தச்சோகை இருந்தது. அரிய நோய் என்று ஒதுக்கிவிட முடியாது.

3. குறட்டை. வாரத்தில் பல நாள் குறட்டை, வாயைத் திறந்தபடி மூச்சு, நடுநடுவே மூச்சு நிற்பது போன்ற திணறல் இருந்தால் அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதை), டான்சில் வீக்கத்தைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

4. சிறுநீர். படுக்கும் முன் ஒருமுறை கூட்டிப்போனால் பாதிப் பிரச்சினை தீரும். ஐந்து வயது வரை படுக்கையில் போவது இயல்புதான், திட்டுவதற்கில்லை.

மருந்துக் கடையில் சளி மருந்து வாங்கிக் கொடுத்துத் தூங்கவைப்பது ஆபத்து. குளோர்பெனிரமின், ஃபினைலெஃப்ரின் கலந்த சளி மருந்துகளை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று பாட்டிலிலேயே அச்சிட வேண்டும் என இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. உரைமருந்து என்று ஜாதிக்காயைக் கூடுதலாக உரைத்துப் புகட்டுவதும் இதே கணக்கு. அளவு மீறினால் ஜாதிக்காய் நஞ்சு.

தூக்கத்தை நகர்த்துவது

தூக்கம் குறைவாக இருக்கும் பிள்ளையா, போதுமான தூக்கம் தவறான நேரத்தில் விழும் பிள்ளையா என்பது காலண்டர் தாளிலேயே தெரிந்திருக்கும். இரண்டாவது ரகம் என்றால், பகல் தூக்கத்தை 3 மணிக்குள் முடித்து, நீளத்தை மெதுவாகக் குறைத்து, இரவு படுக்கும் நேரத்தை மூன்று நாளைக்கு ஒருமுறை 15 நிமிடம் தள்ளுங்கள். ஒரே நாளில் ஒரு மணி நேரம் தள்ளினால் உடல் கடிகாரம் அதோடு சேர்ந்து நகராது. மறுநாளும் பிள்ளை 4.30-க்கே எழும், சிணுங்கல் மட்டும் கூடும்.

முதல் ரகத்துக்கு இரவில் முன்கூட்டியே படுக்கவைப்பதுதான் வழி. களி, கீரைக் கடைசல் எதுவானாலும் 7.30-க்குள் ஊட்டி முடித்து, படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பு டிவியையும் வெள்ளை டியூப்லைட்டையும் அணைத்துவிட வேண்டும். வெளிச்சம் சிறு கண்களை எவ்வளவு தாக்குகிறது என்று கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 3 முதல் 5 வயதுள்ள 10 பிள்ளைகளிடம் பார்த்து 2018-இல் எழுதினார்கள். படுக்கைக்கு முந்தைய ஒரு மணி நேரம் பளிச்சென்ற விளக்கின் முன் விளையாடியவர்களுக்கு மெலடோனின் சராசரியாக 88 சதவீதம் அடங்கிப்போனது. பத்துப் பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் விளக்கை அணைக்கச் செலவு ஒன்றுமில்லை என்பதால் இதைத் தயங்காமல் செய்யலாம்.

"சீக்கிரம் படுக்கவைத்தால் எல்லாப் பிள்ளையும் தாமதமாக எழும்" என்று ஒரு வாக்கு சுற்றுகிறது. தூக்கம் குறைந்த பிள்ளைக்குப் பலிக்கலாம். போதுமான அளவு தூங்கும் பிள்ளையிடம் செய்தால் 3.45-க்கு எழுந்து உட்காரும்.

படுக்கையில் இருக்கவைப்பது

மேலே சொன்ன எல்லாம் செய்தும் சில பிள்ளைகள் 5 மணிக்கு எழத்தான் செய்யும். யாரையும் அதட்டித் தூங்கவைக்க முடியாது. படுக்கையை விட்டு எழாமல் இருக்கச் சொல்லித்தரலாம். இரண்டரை, மூன்று வயதுக்கு மேல்தான் இது புரியும். அதற்குக் கீழே முயல்வது இருவருக்கும் தொல்லை.

சிக்கல் என்னவென்றால் மூன்று வயதுக்கு மணி தெரியாது. "இன்னும் நேரமாகல" என்பது அதற்கு வெறும் சத்தம். கண்ணுக்குத் தெரியும் அடையாளம் ஒன்று வேண்டும். இதற்கென்றே நிறம் மாறும் கடிகாரங்கள் விற்கிறார்கள். எலக்ட்ரிகல் கடையில், வைத்த நேரத்துக்குத் தானே விளக்கைப் போடும் ஒரு டைமர் சாக்கெட்டும் பச்சை ஜீரோ வாட் பல்பும் வாங்கினால் அதே வேலை நடக்கும்.

1. முதலில் டைமரைப் பிள்ளை இப்போது எழும் நேரத்தை ஒட்டியே வையுங்கள். 4.50-க்கு எழுகிற பிள்ளை என்றால் 5 மணிக்குப் பச்சை எரியட்டும். முதல் நாள் காத்திருப்பு 10 நிமிடம். அதில் ஜெயித்தால்தான் அடுத்த படி. நேரே 6 மணிக்கு வைத்துவிட்டு, "பிள்ளை கேட்க மாட்டேங்குது" என்பது டைமரின் குற்றமும் இல்லை, பிள்ளையின் குற்றமும் இல்லை.

2. பகலில் விளையாட்டாகப் பழக்குங்கள். பாயில் படுத்து, பல்பைக் கையால் போட்டு, எழுந்து ஓடுவது. "கண்ணு, பச்சை லைட் வந்தா எழுந்திரிக்கலாம். வரலைன்னா படுத்திருக்கணும். அப்பா எழுந்து போனாலும் நாம படுத்திருக்கணும்." ஒரே கூடத்தில் படுக்கும் வீட்டில் அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம்.

3. படுத்திருக்கும்போது என்ன செய்யலாம் என்றும் சொல்லுங்கள். பொம்மையைக் கட்டிக்கொள்ளலாம், பக்கத்துச் சொம்பில் தண்ணீர் குடிக்கலாம், முணுமுணுத்துப் பாடலாம். ஒன்றுக்கு வந்தால் எழுப்பலாம்.

4. நடுவில் எழுந்து வந்தால் ஒரே வாக்கியம், தாழ்ந்த குரலில்: "இன்னும் பச்சை வரல, படுத்துக்கோ." விளக்கம் கூடாது, திட்டும் கூடாது. திட்டும் ஒருவகைப் பேச்சுத்துணைதான். நான்காம், ஐந்தாம் நாள் அழுகை முன்பைவிடக் கூடும். பழைய பரிசு நின்றுபோனதற்கான கடைசிப் போராட்டம் அது. அன்று செல்போனைக் கொடுத்தால், இவ்வளவு அழுதால் கிடைக்கும் என்று பாடம் ஆகிவிடும். ஆயா, தாத்தா எல்லோரும் முன்பே ஒத்துப்போயிருக்க வேண்டிய இடம் இதுதான்.

5. பச்சை எரிந்ததும் உடனே போய்த் தூக்குங்கள். மூன்று நாள் தொடர்ந்து நடந்தால் 10 நிமிடம் தள்ளுங்கள்.

அடிக்கடி எழுந்து வரும் பிள்ளைக்கு ஒரு சீட்டு கொடுத்துப் பார்க்கலாம். ஒரு விடியலுக்கு ஒருமுறை மட்டும் அதைக் கொடுத்து அம்மாவிடம் வரலாம். 1999-இல் அமெரிக்காவில் 3 வயதும் 10 வயதுமான இரண்டு சிறுவர்களிடம், இரவு படுக்கும் நேரத்துக்கு இந்த முறையைச் சோதித்தபோது எழுந்து வருவது நின்றது. சீட்டு கையில் இருக்கிற தைரியத்திலேயே பல பிள்ளைகள் அதைப் பயன்படுத்தாமல் வைத்துக்கொள்ளும்.

டைமர் வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள். திருகிவிடும் வட்ட டைமர் கரண்ட் போனால் நின்றுவிடும். இரவில் 40 நிமிடம் மின்வெட்டு என்றால் காலையில் பச்சை 40 நிமிடம் தாமதமாக எரியும். பிள்ளை அதைப் பெரியவர்கள் வாக்கு தவறியதாகவே எடுத்துக்கொள்ளும். உள்ளே பேட்டரி வைத்த டிஜிட்டல் டைமர் என்றால் இந்தத் தொல்லை இல்லை. பல்பே வேண்டாம், கோயில் பாட்டையே அடையாளமாக வைத்துக்கொள்கிறோம் என்பவர்கள் மார்கழியில் மாட்டிக்கொள்வார்கள்.

பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் மாற்றம் தெரியும். பிறகு காய்ச்சல் வரும், ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போய் நள்ளிரவில் திரும்புவீர்கள், ஊர்த் திருவிழாவில் தெருக்கூத்து விடிய விடிய நடக்கும். எல்லாம் கலைந்துபோகும். அப்போது 6 மணிப் பச்சையைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கு நிற்காமல், பிள்ளை எழும் நேரத்தை இரண்டு நாள் பார்த்துவிட்டு டைமரை மறுபடி 5.10-க்குத் திருகுங்கள்.